காக்கி பிடிக்காத பன்னு

டீ ஆறுவதற்குள் குடித்துவிடுங்கள், மேடம். ஆசிரமத்தைச் சுற்றியுள்ள தெருக்களில் மூலிகைக் கஷாயம் கிடைக்கும், பாதாம் பாலில் காபி கிடைக்கும், நல்ல டீ மட்டும் கிடைக்காது. அதனால் நானே போட்டுக்கொள்வேன். நீங்கள் போலீஸ் உடுப்பில் வராமல் புடவையில் வந்ததும் நல்லதாய்ப் போயிற்று. காரணத்தைச் சொல்கிறேன்.

என் பெயர் தென்றல். சொந்தமாக கூரியர் நடத்துகிறேன். நான், என் ஸ்கூட்டி, ஒரு பெரிய பை, அவ்வளவுதான் கம்பெனி. வெள்ளைக்காரர்களின் தியான மெத்தை, லாட்ஜில் மறந்துவிட்டுப் போன சார்ஜர், அடி அண்ணாமலையில் தைத்த ஜிப்பா, எதுவானாலும் உரிய இடத்தில் சேர்த்துவிடுவேன்.

தொழில் தொடங்கிய புதிதில் எங்கள் பக்கத்து போஸ்ட்மேன் முருகவேல் அண்ணன் வண்டியை நிறுத்திப் பேசினார். “தபால் ஆபீஸ்ல ஆள் எடுக்கறாங்கம்மா. எழுதிப் போடு. மாசம் பொறந்தா சம்பளம்.”

“மேல ஒருத்தர் ஒக்காந்து கேள்வி கேட்டா எனக்குச் சரிப்படாதுண்ணே.”

சிரித்தார். மறுநாள் தன்னுடைய பழைய காக்கிச் சட்டையைத் துவைத்து மடித்துக் கொண்டுவந்தார். “சொந்தத் தொழில்னா வெயில் ஜாஸ்தி. மேல போட்டுக்க, கை கருக்காது.”

இப்படிப்பட்ட மனிதர். அதுதான் சிக்கலே. யாராவது என்னிடம் ஒரு பார்சலைக் கொடுக்க வந்தால், எதிரே வரும் இவர் “போற வழிதானே, குடுங்க” என்று வாங்கிப் பையில் போட்டுக்கொள்வார். அரசாங்கத் தபாலோடு ஊரார் சாமானும் இலவசமாகப் போய்ச் சேரும். நான் மலையைப் பார்த்தபடி ஸ்கூட்டியில் உட்கார்ந்திருப்பேன். அவர் கெட்டவராக இருந்திருந்தால் ஒரு புகார் கொடுத்து முடித்திருக்கலாம். நல்லவர்மேல் என்னவென்று புகார் கொடுப்பது?

அவர் எங்கள் தெருவுக்குள் வராமல் இருந்தால் போதும் என்றுதான் நினைத்தேன். ஒரே ஒரு தெரு.

தெருவில் பழுப்பு நிறத்தில் ஒரு நாய் இருந்தது. டீக்கடை பன் தின்று வளர்ந்ததால் அதற்குப் பன்னு என்று பெயர். விடியலில் நான் அந்தக் காக்கிச் சட்டையை மாட்டி, ஹெல்மெட்டால் முகத்தை மூடிக்கொண்டு, குச்சியால் அதை அடிப்பேன். பிறகு வீட்டுக்குள் வந்து சட்டையைக் கழற்றிவிட்டு, சுடிதாரில் பன்னும் பாலுமாகப் போய்த் தடவிக் கொடுப்பேன். எங்கே வலிக்கும் என்று எனக்குத்தான் தெரியுமே. நாய்க்கு மோப்பம் இருக்கிறது, இரண்டும் ஒரே ஆள் என்று அதற்கும் தெரிந்திருக்கும். இருந்தாலும் வாலை ஆட்டியது.

பன்னு சீக்கிரமே கற்றுக்கொண்டது. காக்கியைக் கண்டாலே பாய்ந்தது. முருகவேல் அண்ணன் தெருமுனையோடு திரும்பினார். தபாலெல்லாம் ஆபீஸிலேயே தங்கியது. எடுத்து வரச்சொல்லி எல்லோரும் என்னிடம் வந்தார்கள். ஆட்டோக்காரர்களும் உள்ளே வருவதில்லை. பௌர்ணமிக் கூட்டத்துக்குக் காவலுக்கு வந்த ஊர்க்காவல்படைப் பையன் ஒருவன் மதில்மேல் ஏறிக் கிரிவலத்தை அங்கிருந்தே பார்த்தான். அதற்கு நான் பொறுப்பில்லை. தொழில் நன்றாகப் போனதால் அடுத்த தெருவிலும் ஒரு நாயைப் பழக்கினேன். கிளை திறப்பதில்லையா, அதுபோலத்தான். அது இன்னும் அங்கேதான் இருக்கிறது, நீங்கள் உடுப்பில் வந்திருந்தால் தெரிந்திருக்கும்.

பிறகு ஒரு விடுமுறை நாளில் அண்ணன் நீலச் சட்டையில் வந்தார், கையில் பிஸ்கட் பொட்டலத்தோடு. தரையில் குந்தினார். “நான் ஒனக்கு என்னடா பண்ணேன்?” என்று பன்னுவிடம் கேட்டார். அது முகர்ந்து பார்த்தது, பிஸ்கட்டைத் தின்றது, அவர் காலடியில் மல்லாந்து படுத்தது. அத்தனை நாள் உழைப்பு, மேடம். நாயும் அவர் பக்கம் இலவசமாகப் போய்விட்டது.

நான் உள்ளே போய்ச் சட்டையை எடுத்து வந்தேன். “வெயில் ஏறுதுண்ணே. உங்க சட்டைதான், போட்டுக்கங்க.”

“இன்னும் வச்சிருக்கியா?” என்றார். அவருக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? ஒரு கையை நுழைத்தார். இன்னொரு கையையும் நுழைத்தார். அதுவரை பன்னு பொறுத்திருந்தது.

அது பாய்ந்ததும் சாக்கடைக்குள் விழுந்ததில் அண்ணனுக்கு இடுப்பு முறிந்தது. கூப்பிட்ட ஆட்டோக்காரர், காக்கி போட்டிருந்ததால், தெருவுக்குள் நுழைய மறுத்துவிட்டார். நான் ஒரு அதட்டு அதட்டியதும் பன்னு அடங்கியது. தெருவே என்னை மெச்சியது. மறுநாள் நாய் வண்டி வந்தபோது யாருக்கும் பிடிகொடுக்காமல் ஓடிய பன்னு, நான் கூப்பிட்டதும் வந்து மடியில் முகம் வைத்தது. பிடித்துக் கொடுத்தேன்.

அவர் மனைவி அருணாதேவி அக்காவுக்கு மட்டும்தான் சந்தேகம். ‘அந்த நேரம் பார்த்து அவ ஏன் சட்டைய குடுத்தா?’ என்று உங்களிடம் கேட்டிருக்கிறார். சரியான கேள்வி. அக்கா கெட்டிக்காரர்.

ஆனால் இப்போது உங்கள் போனில் பேசினாரே அண்ணன், ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்து, எனக்கும் கேட்டது. “தென்றல் மேல எதுவும் எழுதாதீங்க மேடம். அது பண்ணியிருந்தாலும் பரவால்ல. சொந்தமா தொழில் பண்ற பொண்ணு, பொழச்சிப் போவட்டும்.”

பாருங்கள். நான் கேட்கவே இல்லை. மன்னிப்பையும் வாசலுக்கே கொண்டுவந்து போட்டுவிட்டார், அதையும் இலவசமாக.

அவர் சொல்வதைக் கேட்காதீர்கள். எழுதுங்கள், மேடம். அடித்தது நான், பழக்கியது நான், தெரிந்தேதான் சட்டையைக் கொடுத்தேன். எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன். ஒன்றை மட்டும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள், நாளைக்கு யாரும் தப்பாகப் பேசக்கூடாது: அவர்மேல் எனக்கு ஒருநாளும் பொறாமை இருந்ததில்லை.