பெயர் சொல்லாத கிளெமென்ற் அவர்களுக்கு, மரவேலைத்தளத்தார் வாசித்தளித்த மடல்

கொழும்பு, 1938 ஆவணி, சனிக்கிழமை மாலை.

முதிரையையும் தேக்கையும் முகம் பார்த்தே தரம் பிரித்த மூத்தவரே! வாளின் வாய்க்கும் அஞ்சாமல், வம்பர் வாய்க்கும் அஞ்சாமல் வாழ்ந்து காட்டிய வல்லவரே! கொச்சிக்கடை பெற்றெடுத்த குணக்குன்றே! அரசாங்க மரவேலைத்தளத்தின் பெரிய அறுவை வாளைப் பத்தொன்பது ஆண்டுகள் இயக்கிய திருவாளர் கிளெமென்ற் அவர்களே! உடன் உழைத்த நாங்கள் உள்ளம் நிறைந்து உரைக்கும் வணக்கத்தை ஏற்றருள்க.

தாங்கள் ஓய்வு பெறுவதாக அழைப்பிதழில் அச்சிட்டிருக்கிறது. அதை நாங்கள் நம்பவில்லை. வலக்கையில் மூன்று விரல் போன ஒருவரை, நட்டஈட்டு விசாரணை நடப்பதற்கு முன்பே மாலை போட்டு அனுப்புவதற்கு ஓய்வு என்று பெயர் வைத்தவர் எவரோ, அவர் கெட்டிக்காரர். எங்களுக்கு ஒரு தேநீரும் தந்தறியாத துரையவர்கள் இன்று சர்பத்தும் கேக்கும் வரவழைத்திருக்கிறார். சோழியன் குடுமி சும்மா ஆடுமா?

பாராட்டு மடலில் இப்படி எழுதலாமா என்று சிலர் முகம் சுளிக்கக்கூடும். இதை எழுதும்படி பணிக்கப்பட்டவன் ஆயுத அறைக் காப்பாளன் பலீல். உளி கொடுத்தால் திரும்பி வருமா என்று ஒவ்வொரு நாளும் ஐயுற்றே சோறு தின்பவன் நான். வேறு மாதிரி எழுத வராது. துரையவர்களுக்குத் தமிழ் தெரியாது. அலுவலகத்துப் பெரிய கிளாக்கர் ஐயா அருகில் அமர்ந்து காதோடு மொழிபெயர்க்கிறார். ஐயா அவர்களே, புகழுரையை வேண்டுமானால் சுருக்கிக்கொள்ளுங்கள். இனி வருவதில் ஒரு வரியையும் விழுங்கிவிடாதீர்கள் என்று பணிவோடு கேட்டுக்கொள்கிறோம்.

நேர்மையின் நிலைக்களனே! மரத்தூளுக்குள் மறைந்து கிடந்த ஆணியைக் கண்டு வாளை நிறுத்தி, பக்கத்தில் நின்ற ஜாபிரின் கண்ணைக் காத்தவர் தாங்கள். மழை நாளில் மட்டக்குளியிலிருந்து நனைந்து வந்தவனுக்குத் தங்கள் சட்டையைக் கழற்றிக் கொடுத்துவிட்டு வெறும் பெனியனோடு நின்று வேலை செய்தவரும் தாங்களே. கோபமும் தங்களுக்கு உண்டு. கோணலாக அறுத்தவனைத் தாங்கள் ஏசிய ஏச்சு துறைமுகத்துக் கப்பல்காரருக்கும் கேட்டிருக்கும்.

சித்திரை மாதத்தில் அந்தப் பெரிய வாளின் இரும்புப் பட்டை அறுந்தது. அறுந்த பட்டை சுழன்று வந்து தங்கள் கையில் விழுந்ததை நாங்கள் எல்லோரும் கண்ணால் கண்டோம். இரத்தம் ஒழுக ஒழுகத் தங்களை வண்டியில் ஏற்றி ஆசுபத்திரிக்குக் கொண்டுபோனவர் செபஸ்தியன். அரசாங்க வேலையில் அடிபட்டவருக்கு அரசாங்கம் நட்டஈடு தர வேண்டும் என்று இப்போது சட்டம் இருக்கிறது. தாங்கள் விண்ணப்பித்தீர்கள். அதோடு விடயம் முடிந்திருக்க வேண்டும்.

முடியாமற் போனது ஒரு பித்தளை வில்லையால். இங்கே ஒவ்வொரு தொழிலாளிக்கும் இலக்கம் பொறித்த வில்லை ஒன்று உண்டு. காலையில் அதை வாசற்பலகையிலிருந்து எடுத்துப் பெட்டிக்குள் போட்டால் ஆள் வந்துவிட்டார் என்று கணக்கு. போடாவிட்டால் அன்றைய கூலி இல்லை. ஒருவருக்குக் காய்ச்சல் என்றாலோ வீட்டில் பிள்ளைப்பேறு என்றாலோ, அவருடைய வில்லையையும் வேறொருவர் சேர்த்துப் போட்டுவிடுவதும், அவர் பங்கு வேலையை மற்றவர்கள் பகிர்ந்து செய்வதும் இங்கே பழைய வழக்கம். விதிப்படி அது குற்றம். தாங்கள் எவருக்கேனும் அப்படிப் போட்டதுண்டா என்பதை இந்த மடல் சொல்லாது. மண்டபத்தில் நீளமான காதுகள் சில இருக்கின்றன.

தாங்கள் ஆசுபத்திரியில் கிடந்த நாட்களிலும் தங்கள் வில்லை பெட்டிக்குள் விழுந்தது. தங்கள் இல்லத்தரசி செலீன் அம்மையார் வந்து கூலியை வாங்கிப் போனார். அடிபட்டவருக்கு அரசாங்கம் தருவது என்று நாங்கள் சொன்னதை அவர் நம்பினார். நல்லது செய்கிறோம் என்றுதான் செய்தது. பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது.

விசாரிக்க வந்த உத்தியோகத்தர் கணக்கைப் புரட்டினார். "ஆசுபத்திரியில கிடந்துகொண்டு இங்க வேலைக்கு வந்ததாக் காட்டினவன், விரல் போனதையும் ஏன் சோடிச்சிருக்க மாட்டான்?" என்று எங்கள் முன்னிலையிலேயே கேட்டார். அன்றிலிருந்து தாங்கள் போகுமிடமெல்லாம் உளவு பார்க்க ஒரு தொப்பி பின்னால் வந்தது. அந்தோனியார் கோயிலில் ஒரு செவ்வாய்க்கிழமை, அந்தத் தொப்பிக்காரர் "அண்ணே, இந்த மெழுகுதிரியை ஒருக்காப் பிடியுங்கோ" என்று தங்கள் வலப்பக்கமாக நீட்டினாராம். தாங்கள் இடக்கையால் வாங்கினீர்கள். இடக்கை நன்றாகப் பழகிவிட்டது, ஆகவே பெரிய நட்டம் ஒன்றுமில்லை என்று அதையும் எழுதிக்கொண்டார். சந்தேகத்தில் எனக்கும் ஒரு குரு உண்டென்று அன்றுதான் அறிந்தேன்.

வில்லை போட்டவன் அகப்பட்டால் அன்றே வேலை போகும் என்று வாசலில் அறிவித்தல் ஒட்டினார்கள். எங்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக் கேட்டார்கள். நான் இல்லை, நான் இல்லை என்று எல்லோரும் சொன்னோம். வெளியே வந்து ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். யார் முதலில் காட்டிக்கொடுப்பான் என்பதே எங்கள் நினைப்பாக இருந்தது. செபஸ்தியன் அலுவலகத்துப் பக்கம் தண்ணீர் குடிக்கப் போனால் கூட ஜாபிர் எட்டிப் பார்த்தார்.

தாங்களும் எங்களைச் சந்தேகித்தீர்கள். தங்கள் வழக்கைக் கெடுப்பதற்கென்றே எவனோ வில்லையைப் போட்டான் என்று எண்ணினீர்கள். வெள்ளவத்தையில் ஒரு கலியாண வீட்டில் என்னைக் கண்டதும் கதிரையை விட்டு எழுந்து போனீர்கள். அதில் எனக்குக் கோபமில்லை; தங்கள் இடத்தில் இருந்தால் நான் கதிரையையும் தூக்கிக்கொண்டு போயிருப்பேன். ஆனால் நாங்களும் தங்களை நம்பவில்லை, கிளெமென்ற் அண்ணே. ஆராய்ந்து பார்த்தால் யார் யார் என்று தங்களுக்கு விளங்காமல் இராது, விளங்கினால் சொல்லித் தப்பிக்கொள்வீர்கள் என்று பயந்து, தங்கள் வீட்டுப் பக்கமே வராமல் இருந்தோம்.

சென்ற வாரம் கொட்டாஞ்சேனைத் தண்ணீர்க் குழாயடியில், செலீன் அம்மையார் ஜாபிரின் மனைவி லுத்பியாவிடம் அழுதிருக்கிறார். "'ஆரு போட்டது எண்டு பேரைச் சொன்னா, நட்டஈட்டுக்கு நானே எழுதித் தாறன்' எண்டு அந்த உத்தியோகத்தர் வீட்டுக்கே வந்து சொன்னவர். இந்த மனுசன், 'எனக்குத் தெரியாது ஐயா, நான் கட்டில்ல கிடந்தனான்' எண்டு ஒரே பிடி. அவர் போன பிறகு நான் சண்டை பிடிச்சன். 'எனக்கு எல்லாம் தெரியும் செலீன், இப்பதான் யோசிச்சு விளங்கினது, அவங்களும் பிள்ளைகுட்டிக்காரர்தானே' எண்டு சொல்லிப்போட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திட்டார்" என்றாராம்.

லுத்பியா வீட்டுக்கு வந்து ஜாபிரிடம் சொன்னார். ஜாபிர் எங்களிடம் சொன்னார். நாங்கள் வெட்கப்பட்டோம். மிகவும் வெட்கப்பட்டோம்.

திங்கட்கிழமை நட்டஈட்டுக் கமிஷனர் முன்னால் தங்கள் விசாரணை. தனியாகச் சென்று அலுவலகத்தில் சொன்னால் சொன்னவனையும் அனுப்பிவிட்டு, சொன்னதையும் மறைத்துவிடுவார்கள் என்று எங்களுக்கு ஐயம். அதனால்தான் எல்லோரும் கூடியிருக்கும் இந்த மண்டபத்தில், துரையவர்கள் தம் கையாலேயே தங்களுக்கு எடுத்து வழங்கும் இந்த மடலில் எழுதுகிறோம். வாள் அறுந்தது வேலை நேரத்தில். தங்கள் கை அடிபட்டது இந்த வேலைத்தளத்தில். வில்லையைப் போட்டது தாங்களுமல்ல, தாங்கள் சொல்லியுமல்ல.

ஆகவே கண்ணாடிச் சட்டத்துக்குள் இருக்கும் இந்த மடலை வீட்டுச் சுவரில் மாட்ட அவசரப்பட வேண்டாம். திங்கட்கிழமை இதைக் கமிஷனரிடம் கொண்டுபோங்கள். தாங்களே கொண்டுபோங்கள், பத்திரமாக வைத்துத் தருகிறோம் என்று எவர் கேட்டாலும் கொடுத்துவிடாதீர்கள். அங்கே வாசலில் நாங்கள் நிற்போம். எங்கள் வேலைக்கு என்ன வரும் என்பது தெரியும். பேசி முடித்துவிட்டுத்தான் பேனாவை எடுத்தோம்.

அன்பின் உறைவிடமே! ஆண்டவன் தங்களுக்கும் செலீன் அம்மையாருக்கும் நோயற்ற வாழ்வும் குறைவற்ற செல்வமும் நீண்ட ஆயுளும் தந்தருள்வானாக. எஞ்சிய விரல்களால் தாங்கள் பேரப்பிள்ளைகளுக்குத் தொட்டில் செய்து, அது கோணலென்று தங்களையே தாங்கள் ஏசிக்கொண்டு, பல்லாண்டு வாழ்வீர்களாக!

தங்களிடம் கேட்டும் தாங்கள் சொல்லாத பெயர்கள் இவை:

பலீல், ஆயுத அறை
ஜாபிர், பெரிய வாள் உதவியாள்
செபஸ்தியன், வண்டிப் பகுதி
புவாத், மெருகுப் பகுதி
நோபேட், வாசற் காவல்