தொண்ணூற்று நான்கில் நின்ற வேலை

அந்தக் காலத்தில் கம்ப்யூட்டர் அறைக்குள் யாரும் செருப்புப் போட்டுக்கொண்டு போக மாட்டோம், தாயி. உன் அம்மா கருத்தம்மாள் செருப்பை வாசலில் விட்டதோடு நிற்காமல், முந்தானையால் பாதத்தையும் துடைத்துக்கொண்டுதான் உள்ளே வருவாள். அப்படி ஒரு சுத்தக்காரி. அவள் அந்தப் பொத்தானை அமுக்கினாளா இல்லையா என்று கேட்கத்தானே வன்னியம்பட்டியிலிருந்து பஸ் ஏறி வந்திருக்கிறாய், அழகுத்தாய்? சொல்கிறேன். செத்த நேரம் பொறுமையாகக் கேள்.

இராஜபாளையத்தில் பொன்னுராஜ் முதலாளியின் பேண்டேஜ் கம்பெனியில் நான் டைப்பிஸ்ட். தொண்ணூற்றொன்றில் அவர் ஒரு கம்ப்யூட்டர் வாங்கினார். வாங்கிவிட்டாரே தவிர, இயக்கத் தெரிந்த ஆள் கிடையாது. அதனோடு வந்த புத்தகத்தையும் ஓர் அகராதியையும் வைத்துக்கொண்டு நானே புரோகிராம் எழுதப் படித்தேன்.

ஓர் ஆர்டர் என்பது ஒரு பெரிய வேலை. அதற்குள் வெளுப்பது, உலர்த்துவது, வெட்டிக் கட்டுவது, நீராவியில் வேகவைப்பது என்று நான்கு வேலை. அந்த நான்கில் ஒவ்வொன்றுக்குள்ளும் நான்கு சின்ன வேலை. சின்ன வேலை தொடங்கும்போது 'ஆரம்பம்', முடியும்போது 'முடிவு' என்று அந்தந்த ஆள் பொத்தானை அமுக்க வேண்டும். முடிந்தது என்று அது தனக்கு மேலே உள்ள வேலைக்குச் சொல்லும்; அது அதற்கு மேலே சொல்லும். முதலாளியின் திரையில் கடைசியாக ஒரே ஓர் எண் தெரியும். நூறு வந்தால் லோடு ஏற்றுகிற வேல்சாமி சரக்கை லாரியில் ஏற்றுவான்.

பதினாறு சின்ன வேலைகளில் கடைசி வேலை உன் அம்மாவுடையது. சரக்கோடு, உயிருள்ள கிருமி அடைத்த ஒரு சோதனைக் குப்பியையும் நீராவிப் பெட்டியில் வைத்து எடுத்து, அதை இரண்டு நாள் இளஞ்சூட்டில் வைத்திருக்க வேண்டும். ஊதாவாகவே இருந்தால் கிருமி செத்தது. மஞ்சளாக மாறினால் சாகவில்லை. அந்த இரண்டு நாளும் முதலாளியின் திரையில் எண் தொண்ணூற்று நான்கிலேயே நிற்கும்.

"என்னம்மா பாக்கியம், இன்னைக்கும் தொண்ணூத்தி நாலா? அந்தப் பொம்பள அங்க தூங்குதாளா?" என்று என்னிடம் கேட்பார் முதலாளி.

கட்டிங் பெண்கள் அவளுக்கு அதையே பட்டப்பெயராக வைத்துவிட்டார்கள். "ஏட்டி தொண்ணூத்தி நாலு, டீ குடிக்க வாரியா, இல்ல அதுக்கும் ரெண்டு நாளாகுமா?"

அவளும் சிரிப்பாள். என்னிடம் வந்துதான் கண்ணைத் துடைப்பாள். "நான் என்னக்கா செய்ய? பூச்சி செத்துச்சான்னு ரெண்டு நாளு பொறவுதான தெரியும். நெருப்பு வச்சா குஞ்சு பொரிக்க முடியும்?"

எனக்கு மனசு கேட்கவில்லை. அவள்மேல் எனக்கு அம்புட்டுப் பிரியம். அதனால் புரோகிராமில் நான்கு வரி சேர்த்தேன். குப்பிச் சோதனை ஆரம்பித்து அரை நாள் ஆகிவிட்டால், அது முடிந்ததாகவே மேலே உள்ள வேலை எடுத்துக்கொள்ளும். நூறு வந்ததும் அச்சாகும் அறிக்கையில் முடித்த நேரம் காலியாக இருந்தால் முதலாளி கேள்வி கேட்பார் என்று, அவள் ஆரம்பம் அமுக்கிய நேரத்தையே அங்கேயும் அச்சடிக்க வைத்தேன். பக்கத்தில் 'முடித்தவர்: கருத்தம்மாள்' என்று வரும். அவளிடம் சொல்லவில்லை; சொன்னால் பயந்துகொள்வாள். அவளுடைய அறை பின்கட்டில், லாரி நிற்பது முன்வாசலில். சரக்கு எப்போது போகிறது என்று அவளுக்குத் தெரியாது.

அதன் பிறகு இரண்டு மாதம் அவளை யாரும் ஏசவில்லை. கன்னம்கூடக் கொஞ்சம் பூசினாற்போல் ஆனது. என்னால்தான் என்று எனக்குள் ஒரு சந்தோஷம்.

தொண்ணூற்று மூன்றாம் வருஷம் உன் சடங்கு வந்தது. திங்கட்கிழமை மூன்று மணிக்குக் குப்பியைச் சூட்டில் வைத்து, ஆரம்பம் அமுக்கிவிட்டு, ஓட்டமாய் என்னிடம் வந்தாள் உன் அம்மா. "அக்கா, நாளைக்கழிச்சு குப்பிய மட்டும் பாத்து முடிவு போட்ருதீகளா?" பார்க்கிறேன், நீ போய் மகளைக் கவனி என்று அனுப்பினேன். செவ்வாய்க்கிழமை திரையில் நூறு வந்தது. லாரி போனது.

புதன்கிழமை மூன்று மணிக்கு நான் குப்பி இருந்த சூட்டுப் பெட்டியைத் திறந்தேன். குப்பி மஞ்சளாக இருந்தது.

நீராவிப் பெட்டியின் கதவு ரப்பர் தேய்ந்து ஆவி கசிந்திருக்கிறது. அது பிற்பாடு தெரிந்தது. சரக்கு வெளியூர் ஆஸ்பத்திரி ஒன்றின் பிரசவ வார்டுக்கு, மறுநாள் காலையில்தான் போய்ச் சேரும். என் மேசையில் போன் இருந்தது. எஸ்.டி.டி. வசதியும் இருந்தது. நான் உட்கார்ந்து யோசித்தேன். போன் செய்தால் அந்த எண் பொய் என்றாகிவிடும். கம்ப்யூட்டரைத் தூக்கிப் பரணில் போட்டுவிடுவார்கள். உன் அம்மாவை மறுபடியும் தொண்ணூற்று நான்கு என்பார்கள். குப்பி மஞ்சளானால் எல்லாப் பொட்டலமும் கெட்டது என்று அர்த்தமில்லையே என்றும் தோன்றியது. குப்பியைக் கழுவி வைத்தேன். முடிவு அமுக்கினேன். திரையில் ஏற்கெனவே நூறு என்றுதான் இருந்தது, ஒன்றும் மாறவில்லை.

பத்து நாளில் நான்கு தாய்மார்கள் இறந்தார்கள்.

போலீஸ் வருவதற்கு முந்தின மதியம், எல்லோரும் சாப்பிடப் போன நேரத்தில், அந்த நான்கு வரிகளையும் அழித்தேன். அச்சடித்த அறிக்கைகள் மட்டும் பைலில் இருந்தன. இரண்டு மாதத்துக் காகிதத்திலும் உன் அம்மா பெயருக்கு நேரே ஆரம்பமும் முடிவும் ஒரே நிமிஷம். சோதனையே செய்யாமல் அமுக்கிப் பழகியவள், அன்றைக்கு மகள் சடங்குக்குப் போகும் அவசரம் வேறு என்று ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டில் சர்க்கார் வக்கீல் சொன்னார். என்னைக் கூண்டில் ஏற்றி, அந்த அம்மாள் அமுக்காமல் இயந்திரம் தானாக முடிந்தது என்று போடுமா என்று கேட்டார்.

போடாது என்றேன். நான் சாட்சி சொன்ன நாளில் அது உண்மைதான், தாயி.

"முடிவு போட அக்காகிட்டச் சொல்லிட்டுத்தான்யா போனேன்," என்றாள் உன் அம்மா. என்னிடம் அப்படி எதுவும் சொல்லவில்லை என்றேன். அவள் கோபப்படவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தலையைக் குனிந்து, தன் விரல்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். இரண்டு வருஷம் போட்டார்கள்.

வெளியே வந்தவள் அதிகநாள் இருக்கவில்லை. ஆஸ்பத்திரியில் கிடந்தபோது ஆரஞ்சுப்பழம் வாங்கிக்கொண்டு போனேன். உடம்பு நாராகியிருந்தது. என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, நீங்க பொய் சொல்லுத ஆளில்ல. உங்ககிட்டச் சொன்னதா எனக்குத்தான் நெனப்புப் பிசகிருச்சு போல. பிள்ள சடங்குப் பதட்டத்துல நான்தான் அமுக்கிட்டனா? நாலு தாயக் கொன்னுட்டனா?"

என் கண்ணில் நீர் வந்துவிட்டது. அவள் தலையைத் தடவிக் கொடுத்தேன். "கை தவறி அமுக்கியிருப்ப, கருத்து. வேணும்னா செஞ்ச? விடு," என்றேன்.

வெகுநேரம் அழுதாள். அப்புறம் அடங்கி, கண்ணை மூடிக்கொண்டாள். மறுநாள் போய்விட்டாள்.

நீ கேட்டதற்குப் பதில் இதுதான்: உன் அம்மா அமுக்கவில்லை. ஆனால் ஒன்றை நீயும் நினைத்துப் பார்க்க வேண்டும், கண்ணு. நீ வாழப்போன ஊரில் இருந்தாய். கடைசி நேரத்தில் அவள் பக்கத்தில் உட்கார்ந்து ஓர் ஆறுதல் வார்த்தை சொல்ல, என்னை விட்டால் அவளுக்கு யார் இருந்தார்கள்?