மூடி ஓரத்து நசுங்கல்

என் மனைவிக்கு எந்தப் பொருளையும் புதிதாகவே வைத்துக்கொள்ளத் தெரியும், டாக்டர். அந்த லேப்டாப்பை வாங்கி வந்த அன்றும், அரை மணி நேரம் பார்த்துவிட்டுத் துடைத்து உறைக்குள் வைத்தாள்.

மறுநாள் காலை அவள் குளிக்கப் போயிருந்தபோது அதை எடுத்துப் பார்த்தேன். கைதவறிக் கதவு நிலையில் இடித்துவிட்டது. மூடியின் ஓரத்தில் மிளகளவு நசுங்கல். மாலையில் அவள் விரல் அதில் போய் நின்றது.

"என்னங்க, இங்க நசுங்கியிருக்கே? நேத்து இல்லையே."

உண்மையைச் சொல்லியிருந்தால், "பரவாயில்ல விடுங்க" என்றிருப்பாள். பதினான்கு வருடம் கேட்ட பரவாயில்லை அது.

"நேத்து நீதானே உள்ள வைக்கும்போது இடிச்ச? நான் பாத்தேனே."

அவள் புத்தகங்களுக்குப் பிழை திருத்துபவள். நானூறு பக்கத்தில் ஓர் ஒற்று விடுபட்டாலும் கண்டுபிடித்துவிடுவாள். நான் நாலு பேரிடம் ஏதாவது சொல்லிக்கொண்டிருந்தால் தேதியைத் திருத்துவாள், சிரித்துக்கொண்டேதான். அப்படிப்பட்டவள் வெகுநேரம் என்னைப் பார்த்தாள்.

"அப்படியா? எனக்கு ஞாபகமே இல்லீங்க."

தன்னை விட்டுவிட்டு என்னை நம்பினாள். அது முதல் தடவை.

பிறகு நான் பெரிதாக எதுவும் செய்துவிடவில்லை. மூக்குக்கண்ணாடியை இடம் மாற்றி வைத்தேன். அவள் அணைத்த அடுப்பைப் பற்றவைத்துவிட்டுக் கூப்பிட்டுக் காட்டினேன். அவள் தங்கை கருவுற்ற செய்தியை மறைத்துவிட்டு, "போன வாரமே சொன்னேனே" என்றேன். அன்று அவள் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள்.

அவள் லேப்டாப்பில் திருத்தி முடித்த பக்கங்களில் பிழைகளைத் திரும்பப் போட்டதுதான் சிரமமான வேலை. கண்ணுக்குத் தெரியாமல் பிழை விட இலக்கணம் தெரிய வேண்டுமே. சந்தேகம் வந்தால் அவளிடமே கேட்டேன். பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தாள். மூன்றாவது புத்தகத்தோடு பதிப்பாளர் கொஞ்ச நாள் ஓய்வெடுக்கச் சொல்லிவிட்டார்.

"இனிமே எனக்கு எதுக்கு இது? நீங்களே வச்சுக்குங்க" என்று லேப்டாப்பை என் மடியில் வைத்தாள்.

இப்போது தெருவைக் கடக்கையில் என் கையைப் பிடித்துக்கொள்கிறாள். சாப்பிட்டோமா என்றுகூட என்னிடம்தான் கேட்கிறாள். நானும் ஒருநாள்கூட முகம் சுளித்ததில்லை. அக்கம்பக்கத்தில் கேட்டுப் பாருங்கள்.

இந்த மறதி எப்போது ஆரம்பித்தது என்று போன தடவை கேட்டீர்கள். "இவருக்குத்தான் தெரியும்" என்று அவள் என்னைக் கைகாட்டினாள். அடுத்த வாரம் மாத்திரையைக் கூட்டப்போவதாகவும் சொன்னீர்கள். அவள் உடம்பு தாங்காது. அந்த அக்கறையில்தான் இன்று தனியாக வந்து இதையெல்லாம் சொல்கிறேன்.

நீங்கள் தாராளமாக அவளிடம் சொல்லலாம். கோபப்பட மாட்டாள். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, நேராக வீட்டுக்கு வந்து, அது உண்மையா என்று என்னிடம் கேட்பாள்.