வியாழக்கிழமை கடைசி பீரியட்

மேடையில் வீற்றிருக்கும் தலைமையாசிரியர் அவர்களே, சக ஆசிரியர்களே, பெற்றோர்களே, அஜித்நாதன் சாரின் துணைவியார் பிரம்மி அம்மா அவர்களே, தரையில் அமர்ந்திருக்கும் என் பிள்ளைகளே!

இன்று காலை எழுந்ததும் நான் முதலில் செய்தது, பொழுது எத்தனை மணிக்குச் சாயும் என்று செல்போனில் பார்த்தது. ஆறு ஐந்து என்று இருந்தது. கணக்கு டீச்சருக்கு இது எதற்கு? சொல்கிறேன்.

நம் உடற்கல்வி ஆசிரியர் அஜித்நாதன் அவர்கள் மறைந்து பத்து நாளாகிறது. 'மறைந்து' என்று எழுதவே நேற்று எனக்குக் கை வரவில்லை.

செஞ்சியில் பிக்கிள்பால் என்கிற, பேட்டால் வலைக்கு மேலே பந்தடிக்கும் ஆட்டம் யாருக்குத் தெரியும்? நான்கே பேட்டை வைத்துக்கொண்டு நாற்பது பிள்ளைகளுக்கு அதைக் கற்றுக்கொடுத்தார் நம் சார்! முதல் நாள், ஏழாம் வகுப்புத் தமிழினி அந்த ஓட்டைப் பந்தை உருட்டிப் பார்த்துவிட்டு, "இன்னா சார், ஊறுகா பந்தா இது?" என்றாள். "ஆமா, ஊறப் போட்டாத்தான் வரும். போய் நில்லு" என்றார். வருகிற பந்தை அவள் அவசரப்பட்டு அந்தரத்திலேயே அடிப்பாள். "ஒரு தபா தரையில வுழட்டும் கண்ணு, அப்புறம் அடி." எத்தனை முறை சொன்னார்! ஒருமுறையாவது அவர் குரல் உயர்ந்ததா?

வியாழக்கிழமை கடைசி பீரியட் அவருடையது. அதைப் பிடுங்கிக்கொண்டவள் நான்.

"சார், போர்ஷன் முடியல, இன்னைக்கு உங்க பீரியட..." என்று இழுப்பேன்.

"எடுத்துக்குங்க மேடம். பந்து எங்க ஓடிடப்போவுது?"

அதற்கு ஈடாகப் பள்ளி விட்டபிறகு, இருட்டும்வரை பிள்ளைகளை விளையாட வைப்பார். நான் நிம்மதியாகப் பஸ் ஏறிவிடுவேன்.

துக்கம் விசாரிக்க சாரின் ஊரான மேல்சித்தாமூர் போனபோது பிரம்மி அம்மா சொன்னார்: "வியாழக்கெழமயானா அவருக்கு ராச்சோறு கெடையாது மேடம். பொழுது சாஞ்சா நாங்க வாயில எதுவும் வைக்க மாட்டோம். அவரு வண்டி வந்து சேர்றதுக்குள்ள இருட்டிடும். இன்னாத்துக்கு இப்டின்னு கேட்டா, 'புள்ளைங்க பாவம், அதுங்களுக்கு அந்த ஒரு பீரியட்தான்'னுவாரு."

மூன்று வருடம்! எத்தனை வியாழக்கிழமைகள் அவர் பட்டினி கிடந்தார்? சார் ஜைனர் என்றும், பொழுது சாய்ந்தால் ஜைனர்கள் சாப்பிடமாட்டார்கள் என்றும் எனக்குத் தெரியும். சார் இருட்டும்வரை மைதானத்தில் நின்றதும் தெரியும். இரண்டையும் சேர்த்துப் பார்க்க ஒருநாளும் தோன்றவில்லையே! அதனால்தான் இன்று காலை அந்த நேரத்தைத் தேடினேன். காலம் கடந்து தேடினேன்.

புதிய கால அட்டவணையில் அந்தப் பீரியட் கணக்குக்கு என்று போட்டு, பக்கத்தில் என் பெயர் இருக்கிறது. நானும் கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

தலைமையாசிரியர் அவர்களே, பொறுத்துக்கொள்ளுங்கள். இதை உங்களிடம்கூட இதுவரை சொல்லவில்லை. வரும் வியாழக்கிழமை அந்தப் பீரியடில் கணக்கு நடக்காது. புது ஆசிரியர் வரும்வரை எந்த வியாழக்கிழமையும் நடக்காது. எனக்கு ஆடத் தெரியாது. பேட்டை எப்படிப் பிடிப்பது என்று தமிழினிதான் காட்ட வேண்டும்.

பிள்ளைகளே, அன்று மணி அடித்ததும் மைதானத்துக்கு வாருங்கள்.