லிஃப்ட் பேய் நாவலில் இருந்த ஒரே குறை

உங்கள் ஸ்டேஷன் நாற்காலி பரவாயில்லை, ஐயா. எங்கள் பதிப்பகத்தில் இதைவிட மோசமான நாற்காலியில் உட்கார்ந்துதான் இத்தனை வருடம் அடுத்தவர் எழுத்தைத் திருத்தினேன். முதுகு பழகிவிட்டது.

லிஃப்ட் மெக்கானிக் செத்ததைப் பற்றிக் கேட்டால் இவள் நாவலைப் பற்றிப் பேசுகிறாளே என்று முகம் சுளிக்காதீர்கள். இரண்டும் ஒன்றுதான். நாவலைச் சொன்னால் மற்றது தானாக வந்துவிடும்.

எழுதியவள் சின்னப் பெண். அட்டைப்படம் வரைய எங்களிடம் வேலைக்குச் சேர்ந்தவள். வாய் ஓயாது என்பதால் எல்லோருக்கும் அவள் குருவி. என்னை அக்கா என்பாள். ஒருநாள் தயங்கித் தயங்கி ஒரு கட்டுத் தாளை என் மேசையில் வைத்தாள். பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கான பேய்க்காதல் கதை. எனக்கு அந்த வகையே ஆகாது. வெளிறிய முகமும் நெற்றியில் விழும் முடியுமாக ஓர் அழகன் சன்னலில் வந்து நிற்பான், படிக்கிற பெண் பரீட்சையில் கோட்டை விடுவாள். வேண்டாவெறுப்பாகத்தான் புரட்டினேன். கீழே வைக்க முடியவில்லை.

அதன் பலம் அந்தப் பேய்தான். பழைய அடுக்குமாடிக் கட்டடத்து லிஃப்டில் குடியிருந்தான். பள்ளி விட்டு வரும் பெண் தனியாக ஏறினால் மட்டும் தெரிவான். விரல் நுனியெல்லாம் கிரீஸ். மட்டமான ஜோக் அடிப்பான். "செத்தும் எனக்கு லீவு கிடைக்கல பாரு" என்று அலுத்துக்கொள்வான். அவளுக்குக் கணக்கு வராததைக் கிண்டல் செய்துவிட்டு, அவனே சொல்லியும் கொடுப்பான். இப்படி ஒரு பேய் கிடைத்தால் நானே லிஃப்டை விட்டு இறங்கியிருக்க மாட்டேன்.

குறை ஒன்றே ஒன்று. பதினேழாம் அத்தியாயத்தில் கட்டடத்தை இடிக்கிறார்கள், பேய் ஒரேயடியாகப் போய்விடுகிறது. அந்தப் பெண் பக்கம் பக்கமாக அழுகிறாள். எனக்கு ஒரு சொட்டு வரவில்லை. அத்தனையும் பொய் அழுகை. ஏன் என்று யோசித்து மண்டை காய்ந்துபோனேன்.

காரணம் எங்கள் கட்டடத்திலேயே நடமாடிக்கொண்டிருந்தது. எங்கள் லிஃப்ட் அடிக்கடி மக்கர் செய்யும். பழுது பார்க்க வரும் தம்பிக்கு விரல் நுனியெல்லாம் கிரீஸ். ஒருநாள் அவன் ஏதோ மட்டமான ஜோக் சொன்னான், குருவி விழுந்து விழுந்து சிரித்தாள். இருவருக்கும் கல்யாணம் பேசி முடித்திருந்தார்கள். செத்துப்போன ஒருவனை அவள் எழுதவே இல்லை, ஐயா. சாயங்காலம் டீ குடிக்கக் கூட்டிப்போக வருகிறவனை எழுதியிருந்தாள்.

"பதினேழு ஒட்டலம்மா. திரும்ப எழுது" என்றேன்.

"எத்தனை தடவைதான்க்கா எழுதறது? அவன் இல்லாம நான் இருக்கறத நெனச்சுக்கூடப் பாக்க முடியல. நெனச்சா சிரிப்புதான் வருது."

இதை அவளே சொன்னாள். சரி, நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். குறையைச் சுட்டிக்காட்டுவது பாதி வேலைதான். அது எங்கே பிறக்கிறதோ அங்கே போய்த் திருத்துவது மீதி.

லிஃப்ட் கூண்டின் தலையில் ஏறி நின்று வேலை பார்க்கிறவர்கள் அவசரத்துக்கு அழுத்த அங்கே ஒரு சிவப்புப் பொத்தான் உண்டு. அது கெட்டுப்போய், அதை மாற்றத்தான் அன்று வந்தான். மெயின் சுவிட்ச் மேல்மாடியில், என் அறைக்கு அடுத்த அறையில் இருக்கிறது. அதை அணைத்து, 'தொடாதீர்கள்' என்ற அட்டையை மாட்டி, அறையைப் பூட்டி, வழக்கம்போல் சாவியை என்னிடம் தந்தான்.

"யாரையும் உள்ள விட்டுடாதீங்கக்கா. நீங்க இருக்கீங்கன்ற தைரியத்துலதான் ஏறறேன்."

சரிப்பா என்றேன்.

அவன் ஏறியிருப்பான் என்று தோன்றியதும் அறையைத் திறந்து, அட்டையைக் கழற்றி, சுவிட்சைப் போட்டேன். வெளியே வந்து லிஃப்டைக் கூப்பிடும் பொத்தானை அழுத்தினேன். எங்கள் மாடியில் கூண்டு வந்து நின்றால், அதன் தலைக்கும் கூரைக்கும் நடுவே ஆள் இருக்க இடமில்லை. இதுவும் ஒருநாள் பேச்சுவாக்கில் அவன் சொன்னதுதான். "அக்கா" என்று ஒரு சத்தம் கேட்டது. லிஃப்ட் வந்து நின்றது. நான் படியில் இறங்கினேன்.

அந்த அறையின் மாற்றுச்சாவி வைத்திருந்த பாவத்துக்கு எங்கள் கட்டடக் காவலாளியை நேற்றுப் பிடித்து வைத்திருக்கிறீர்கள். அந்த மனிதருக்கு எறும்பை நசுக்கவும் மனசு வராது. ஒருவர் செய்த வேலையில் இன்னொருவர் பெயர் அச்சாவதை என்னால் பொறுக்க முடியாது. அதனால்தான் நானாக வந்தேன்.

துக்க வீட்டில் குருவி என் மடியில் விழுந்து அழுதாள். அந்த அழுகையில் ஒரு வார்த்தை கூடுதலில்லை, ஒரு வார்த்தை குறைவில்லை. இதைத்தானே அம்மா கேட்டேன் என்று மனதுக்குள் நினைத்துக்கொண்டேன். முதுகைத் தடவிக் கொடுத்தேன், வாயில் தண்ணீர் ஊற்றினேன். எனக்கும் அவள்மேல் பாசம் உண்டு, ஐயா.

ஆனால் அவள் எழுதவில்லை. தாளைக் கண்டாலே எழுந்து போய்விடுவாள். முதலாளி பொறுத்துப் பார்த்துவிட்டு, பழைய பதினேழையே அப்படியே அச்சுக்கு அனுப்பிவிட்டார்.

இப்போது பள்ளிக்கூடப் பெண்கள் புத்தகத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அலுவலகத்துக்கு வருகிறார்கள். பதினேழைப் படித்துவிட்டுச் சாப்பிடவே முடியவில்லை என்று தேம்புகிறார்கள். அதே பக்கங்கள்தான். நானும் எடுத்து மறுபடி படித்தேன். கண் வறண்டுதான் கிடந்தது. "குறை கதையில இல்லம்மா, உங்ககிட்டதான்" என்றார் முதலாளி. அவர் வியாபாரி, விற்பதெல்லாம் அவருக்கு நல்ல புத்தகம்.

குருவி வெளியே பெஞ்சில் காத்திருக்கிறாளாமே. நான் சொன்னதை எல்லாம் நீங்கள் அவளிடம் சொல்லித்தான் ஆக வேண்டும். சொல்லும்போது, அடுத்த பதிப்புக்குள் பதினேழைத் திருத்தித் தரச் சொல்லுங்கள். இனி அவளுக்கு எந்தச் சாக்கும் இல்லை.