சத்திரத்தில் காத்திருந்த வைத்தியச்சி

எனக்கு எந்த விளையாட்டும் வராது. கேரம் ஆடக் கூப்பிட்டால்கூடப் பலகைக்குப் பவுடர் போட்டுவிட்டு எழுந்துவிடுவேன். அதனால், இன்ஸ்பெக்டர் அம்மா, ஒரு கம்ப்யூட்டர் விளையாட்டுக்காகச் செய்தாள் என்று எழுதுவதானால் கொஞ்சம் யோசித்து எழுதுங்கள்.

டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் இருபத்தாறு வருஷம் ஆபரேட்டராக இருந்தேன். ஊரே பேசும், நான் இணைத்துவிட்டு விலகிக்கொள்வேன். வீட்டில் அந்த வேலைகூட இல்லை. என் வீட்டுக்காரர் கெட்டவர் இல்லை. பம்ப் ஹவுஸ் சூப்பர்வைசர். நாளெல்லாம் மோட்டார் சத்தத்தில் இருந்துவிட்டு வருகிறவருக்குப் பேச்சு ஒரு தொந்தரவு. "இந்தா" என்றால் தட்டை எடுக்க வேண்டும். "ம்" என்றால் அன்றைய பேச்சு முடிந்தது. முப்பத்தொரு வருஷத்தில் நாங்கள் பேசியதையெல்லாம் வெளியூருக்குப் போடும் ஒரு மூன்று நிமிஷ டிரங்க் காலில் அடக்கிவிடலாம்.

போன வருஷம் ஏணியிலிருந்து விழுந்தார். அது அவராக விழுந்தது, இதில் சேர்க்காதீர்கள். வலது கை முறிந்தது, இடுப்பில் விரிசல். அப்பாவுக்குப் பொழுது போகட்டும் என்று மகள்தான் அந்த விளையாட்டைக் கம்ப்யூட்டரில் ஏற்றிக் கொடுத்தாள்.

"என்னடி இது, ஆளுங்க எல்லாம் எறும்பு மாதிரி இருக்காங்க?"

"இருபத்தஞ்சு வருஷப் பழசும்மா. இன்னும் யாரும் விடல. நீயும் கூட உக்காந்து பாரு, தெரியும்."

தெரிந்தது. வாள்வீரன், மந்திரவாதி, திருடன் என்று ஆறு பேர் கூட்டமாகப் போவார்கள். வழியில் பூதம் வரும், எலும்புக்கூடு வரும், அதெல்லாம் சும்மா. யாரையாவது தொட்டால் பேச்சு தொடங்கும். நாம் சொல்லக்கூடிய பதில்கள் மூன்று நான்கு வரிசையாக வந்து நிற்கும். ஒன்றைத் தேர்ந்தெடுக்கும்வரை, ராஜாவானாலும் ராட்சசனானாலும், வாயை மூடிக்கொண்டு காத்திருப்பான். சொன்னதை மறக்கவும் மாட்டான். எத்தனையோ நாள் கழித்து, வேறு ஊரில், "அன்னைக்கு அப்படிச் சொன்னியே" என்பான். மகளின் புது விளையாட்டுகளையும் பார்த்திருக்கிறேன். முகத்தில் மயிர்க்கால்கூடத் தெரிகிறது. காது கொடுத்துக் கேட்க ஒருவனுக்கும் நேரமில்லை. ஜனங்கள் ஏன் பழசைப் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள் என்று என்னை யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

அவர் கை மாவுக்கட்டில் இருந்ததால் மவுஸ் என்னிடம். அவர் வாள்வீரன், காயத்துக்கு மருந்து போடும் வைத்தியச்சி நான். வருகிறவர்கள் பேசுவதையெல்லாம் குரல் மாற்றி மாற்றி வாசிப்பேன்.

"மூணாவதை அழுத்து. வெட்டிடுவேன்னு சொல்லு."

"முதலாவதைச் சொல்லலாங்க. பாவம், வயசானவன்."

"அவனா பாவம்? மூஞ்சியப் பாரு, கடன்காரன் மாதிரி. சரி, நீ என்ன நினைக்கிற?"

நீ என்ன நினைக்கிற. அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். ஐம்பத்தெட்டு வயதில் முதல் தடவை.

ஐந்து மாதம் இப்படிப் போயிற்று. பிறகு கட்டைப் பிரித்தார்கள். பிசியோதெரபிஸ்ட், "பிரமாதம் சார், இனிமே வாக்கரைப் பிடிச்சுக்கிட்டு நீங்களே நடக்கலாம்" என்றார். நானும் கைதட்டினேன். மறுநாள் காய்கறி வாங்கிவிட்டு வந்தால், மேஜை முன்னால் அவர் தனியாக உட்கார்ந்திருக்கிறார், மவுஸைப் பிடித்தபடி. கூட்டத்தில் வைத்தியச்சியைக் காணோம்.

"எங்கங்க அவ?"

"அனுப்பிட்டேன். ரொம்ப மெதுவா நடக்கிறா. அம்பு விடறவன் ஒருத்தன் கிடைச்சான்."

"போகும்போது ஏதாவது சொன்னாளா?"

"என்னமோ சொன்னா. நான் படிக்கல."

நான் கத்தவில்லை. தக்காளியைக் கழுவி வைத்தேன். வாக்கரின் கால்களில் உயரத்தைக் கூட்டிக் குறைக்க ஒரு சின்னப் பொத்தான் இருக்கும். அது துளைக்குள் டக்கென்று உட்கார வேண்டும். ஒரு காலில் மட்டும் அதைப் பாதி அழுத்தி விட்டுவைத்தேன். பார்வைக்கு நன்றாகத்தான் நிற்கும். முழு எடையும் விழுந்தால் கால் உள்ளே இறங்கிவிடும். மறுநாள் காலை குளியலறை வாசலில் இறங்கியது.

ஆம்புலன்ஸைக் கூப்பிட ஏன் நாற்பது நிமிஷம் ஆயிற்று என்று கேட்டீர்கள். நான் சும்மா இருக்கவில்லை. அந்த விளையாட்டில், கூட்டத்திலிருந்து அனுப்பப்பட்டவர்கள் நாம் அவர்களை முதலில் சந்தித்த சத்திரத்துக்கே போய்க் காத்திருப்பார்கள். அது மூன்று ஊர் தள்ளி. மலையைச் சுற்றித்தான் போக வேண்டும், நடுவில் இரண்டு சண்டை வேறு. அவர் தரையில் கிடந்து என்னைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார், பெயரைச் சொல்லி. என் பெயர் அவருக்குத் தெரியும் என்பதே அன்றுதான் எனக்குத் தெரிந்தது. "ஒரு நிமிஷம், லைன்ல இருங்க" என்றேன். எக்ஸ்சேஞ்ச் பழக்கம், போகமாட்டேன் என்கிறது. வைத்தியச்சியைச் சேர்த்துக்கொண்டு, அம்புக்காரனை அனுப்பிவிட்டுத்தான் எழுந்தேன். போகும்போது அவன் சொன்னதை முழுக்கப் படித்தேன். அந்த மரியாதை எனக்குத் தெரியும்.

ஆமாம், நான்தான் செய்தேன். எங்கே கையெழுத்துப் போடவேண்டும், காட்டுங்கள்.

இந்த முறை இரண்டு கையும் முறிந்திருக்கிறது, இடுப்புக்குத் தகடு வைத்திருக்கிறார்கள் என்று மகள் அழுதாள். அவர் என்னைப் பற்றி உங்களிடம் சொன்னது மட்டும் இரண்டு பக்கம் வந்திருக்கிறது என்கிறீர்கள்.

இரண்டு பக்கம். பாருங்கள், எவ்வளவு தேறிவிட்டார்.