சமையல் சேனல் பூட்டு

சாயங்காலம் அவிநாசிபாளையம் போகும் பஸ்ஸில், எனக்கு முன்சீட்டில் பனியன் கம்பெனிப் பெண் டெய்லர்கள் இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். தலையில் பஞ்சு ஒட்டியிருந்தது. நான் நாலு கம்பெனியில் வேலை கேட்டு, இல்லையென்ற பதிலோடு திரும்பிக்கொண்டிருந்தேன். இளையவள் சொன்னாள்:

“எங்க ஊட்டுக்காரருக்கு நம்பர் பூட்டுப் போட்டுட்டு வந்திருக்கேனுங்க்கா.”

“அதென்ன கண்ணு?”

“சூப்பர்வைசர் திட்டிட்டாருன்னு வேலைய உட்டு ரெண்டு மாசமாச்சுங்க. படுத்துக்கிட்டு கிரிக்கெட்டுப் பாக்கறாரு. அதான் டிஷ் பெட்டியில பென் டிரைவைச் சொருகி, காலைல இருந்து சாயங்காலம் வரைக்கும் சமையல் சேனலை ரெக்கார்டு போட்டுட்டேன். அது ஓடற வரைக்கும் வேற சேனல் மாறாது. நிறுத்தோணும்னா நம்பர் கேக்கும். சலிச்சுப்போயி வேலைக்குக் கெளம்பட்டும்னுதான்.”

“வயரைப் புடுங்கிட்டா?”

“அதுக்கு எந்திரிக்கோணுமுங்களே!”

அந்நேரம் அவள் போன் அடித்தது. ஸ்பீக்கரில் போட்டாள். ஓர் ஆண்குரல் சாவகாசமாகக் கேட்டது.

“ஏம்புள்ள, டிவில அந்தம்மா வெண்டைக்காயை வழவழப்பே இல்லாமப் பொரிக்குது. எட்டு வருசமா நீ எனக்குப் போட்டதெல்லாம் என்ன?”

போனை வைத்துவிட்டாள். மூத்தவள் சிரித்து முடிக்கும்வரை ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள்.

“இன்னும் படுத்துக்கிட்டுத்தான் பேசறாரா கண்ணு?”

“ஆமாங்க்கா. தப்பு என்மேலதான். டிவியைப் போயிப் பூட்டியிருக்கேன். எங்கப்பன் சீர் குடுத்த கட்டிலை நாளைக்கே திருப்பி அனுப்பிடறேனுங்க.”